பெட்டியில் 8 கோர், திரையில் 4 கோர்! கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கைப் படிப்பது எப்படி?

விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் சி.பி.யு-வை க்ளிக் செய்தால், ஏறி இறங்கும் ஒரு கோட்டுப் படம் வரும். அதன் கீழே சின்ன எழுத்தில் மூன்று வரிகள் இருக்கும். சாக்கெட்ஸ்: 1. கோர்ஸ்: 10. லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்: 12.

இன்டெல் கோர் ஐ5-1235யு ப்ராசஸர் உள்ள லேப்டாப்பில் தெரியும் எண்கள் இவை. உள்ளே இருப்பது ஒரே ஒரு சிப். அதைத்தான் திரை 1 என்கிறது, 10 என்கிறது, 12 என்கிறது. மூன்றும் சரிதான். ஆனால், கடையில் 'இது 10 கோர் சார்' என்று சொல்லும்போது, அந்த 10-ம் ஒரே மாதிரியானவை இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. திரையும் சொல்வதில்லை.

பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காகப் பணம் சேர்த்து லேப்டாப் வாங்கும் குடும்பங்கள் நம்பிப் பார்க்கும் எண்களில் முக்கியமானது இந்த 'கோர்' எண்ணிக்கை. இதே எண்ணிக்கையை வைத்து அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்து, அது 1.21 கோடி டாலர் சமரசத்தில் போய் முடிந்தது. அப்படி என்ன இருக்கிறது இந்தச் சின்ன எழுத்து வரிகளில்?

தோசை மாஸ்டரும் இரண்டு டோக்கனும்!

மூன்று எண்களையும் புரிந்துகொள்ள ஓர் ஓட்டலின் சமையற்கட்டைக் கற்பனை செய்தால் போதும்.

சாக்கெட் என்பது சமையற்கட்டு. மதர்போர்டில் ப்ராசஸர் சிப் உட்காரும் இடம்தான் அது. வீட்டில் பயன்படுத்தும் லேப்டாப், டெஸ்க்டாப்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த எண் 1-தான். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் 2, 4 என்று இருக்கும்.

கோர் என்பது அங்கே நிற்கும் மாஸ்டர். இரண்டு மாஸ்டர் இருந்தால் ஒருவர் தோசை ஊற்றும்போது இன்னொருவர் பரோட்டா போடலாம். நான்கு பேர் இருந்தால் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்.

லாஜிக்கல் ப்ராசஸர் என்பது மாஸ்டரின் கையில் இருக்கும் டோக்கன். கல்லில் ஊற்றிய தோசை வேகும்வரை மாஸ்டர் சும்மா நிற்கிறார். அந்த இடைவெளியில் இரண்டாவது டோக்கனுக்கான வேலையைப் பார்க்கலாமே? ப்ராசஸரிலும் இப்படி நிறைய காத்திருப்பு உண்டு. ரேமிலிருந்து தகவல் வந்து சேரும்வரை கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தை வீணாக்காமல் ஒரே கோரிடம் இரண்டு வேலைகளைக் கொடுத்துவைப்பதற்கு இன்டெல் வைத்த பெயர் ஹைப்பர்-த்ரெடிங். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இது 2002 நவம்பரில், 3.06 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சிப்புடன் வந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு டோக்கன் வைத்திருப்பதால் ஒரு மாஸ்டர் இரண்டு மாஸ்டர் ஆகிவிட மாட்டார். இருக்கும் கை இரண்டுதான், கல்லும் ஒன்றுதான். அன்றைக்கு இன்டெல்லே சொன்ன லாபம் அதிகபட்சம் சுமார் 30 சதவீதம். எனவே 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்: 8' என்று பார்த்துவிட்டு, 'இது 8 கோர்' என்று யாராவது விற்றால், அது டோக்கனை எண்ணி மாஸ்டர் கணக்கு சொல்வது போல.

எண்ணைச் சொல்வது யார்?

விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகிய எதற்கும் கண் கிடையாது. சிப்பைத் திறந்து பார்த்து எண்ணுவதில்லை. ஆன் செய்தவுடன் அது சிப்பிடமே கேட்கிறது.

இன்டெல், ஏ.எம்.டி சிப்களில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் சி.பி.யு.ஐ.டி. 1993-ல் பென்டியம் சிப்புடன் பரவலானது. 'உன்னைத் தயாரித்தது யார், எந்த மாடல், என்னென்ன செய்வாய்' என்று கேட்டால் சிப் பதில் சொல்லும். பின்னாளில் கோர்களின் அமைப்பையும் அதே வழியில் கேட்டு வாங்கும் வசதி சேர்ந்தது.

ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசஸருக்கும் சிப்புக்குள் ஓர் அடையாள எண் உண்டு. கிட்டத்தட்ட போர்ஷன் வீட்டுக் கதவு எண் மாதிரி. எந்தத் தெரு, எந்த வீடு, அந்த வீட்டில் எத்தனையாவது போர்ஷன் என்பது அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கும். தெரு என்பது சாக்கெட், வீடு என்பது கோர், போர்ஷன் என்பது த்ரெட். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லா எண்களையும் வாங்கிப் பிரித்துப் பார்த்து, 'இவை இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன' என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்கிறது.

போன்களில் வழி வேறு. அங்கே இருப்பவை ஆர்ம் வகை சிப்கள். எத்தனை கோர், எந்தக் குழுவில் எது என்ற விவரத்தைப் போன் தயாரிப்பாளர்கள் ஒரு ஃபைலில் எழுதி, சிஸ்டத்துடன் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். 'டிவைஸ் ட்ரீ' என்று அதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு அதைப் படித்துக்கொள்கிறது.

ஆக, திரையில் தெரியும் எண் சிப்போ தயாரிப்பாளரோ சொன்ன பதில். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதை வாங்கித் தன் தேவைக்கு ஏற்றபடி அடுக்கிக் காட்டுகிறது. அதன் தேவை என்ன? எந்த வேலையை எந்தக் கோரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வது. வாங்குபவருக்குச் சான்றிதழ் கொடுப்பதற்காக அந்தக் கணக்கு எழுதப்படவே இல்லை.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்?

விண்டோஸ் 2000 வெளியானபோது ஹைப்பர்-த்ரெடிங் கிடையாது. அதற்கு மாஸ்டர், டோக்கன் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு டோக்கனையும் தனித்தனி ப்ராசஸராகவே எண்ணியது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டது.

இது பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. எக்ஸ்பி ஹோம் பதிப்புக்கு ஒரு சிப் வரைதான் அனுமதி, ப்ரொஃபஷனலுக்கு இரண்டு. டோக்கனையும் சிப்பாக எண்ணியிருந்தால், ஹைப்பர்-த்ரெடிங் உள்ள ஒற்றைச் சிப்பே ஹோம் பதிப்பின் வரம்பைத் தாண்டியிருக்கும். அதனால் மைக்ரோசாஃப்ட் சாக்கெட்டை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

வேகத்துக்கும் இது முக்கியம். நான்கு மாஸ்டர்கள் இருக்கும் சமையற்கட்டில் இரண்டு ஆர்டர்கள் வருகின்றன. விவரம் தெரிந்த சூப்பர்வைசர் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். விவரம் தெரியாதவர் இரண்டு டோக்கனையும் ஒரே மாஸ்டரிடம் நீட்டிவிடுவார். மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்க்க, அவர் ஒருவர் மட்டும் வியர்த்துக்கொண்டிருப்பார். அமைப்பு தெரியாத ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்யும் தவறு இதுதான்.

இத்தனைக்கும், இந்த மூன்று எண்களையும் டாஸ்க் மேனேஜர் வரிசையாக எழுதிக் காட்ட ஆரம்பித்தது 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல்தான். அதற்கு முந்தைய விண்டோஸ் 7-ல் சின்னச் சின்னக் கட்டங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கட்டங்களை எண்ணிவிட்டு, 'நம்மிடம் இத்தனை கோர்' என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். எண்ணியது டோக்கனை.

நீதிமன்றம் வரை போன 'கோர்'

2011 அக்டோபரில் ஏ.எம்.டி நிறுவனம் எஃப்.எக்ஸ் வரிசை சிப்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள் வடிவமைப்பின் பெயர் புல்டோசர். வீட்டு டெஸ்க்டாப்புக்கு 8 கோர் என்பதுதான் விளம்பரத்தின் மையம். அன்றைக்கு இன்டெல் பக்கம் வீடுகளில் பரவலாக இருந்தது 4 கோர். 8 என்ற எண் பலரையும் இழுத்தது.

புல்டோசரின் உள்ளே அமைப்பு கொஞ்சம் வித்தியாசமானது. கோர்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கப்பட்டிருந்தன. ஒரு ஜோடிக்குப் பெயர் மாட்யூல். முழு எண் கணக்குகளைச் செய்யும் பகுதி ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக இருந்தது. ஆனால், தசம எண் கணக்குகளைச் செய்யும் பகுதி ஜோடிக்கு ஒன்றுதான். கட்டளைகளை எடுத்துவந்து பிரித்துக் கொடுக்கும் பகுதியும், இரண்டாம் நிலை கேஷ் நினைவகமும் பொதுதான். சமையற்கட்டு மொழியில் சொன்னால், இரண்டு மாஸ்டர்கள், ஆளுக்கொரு தோசைக்கல், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிரைண்டர்.

இவர்கள் இரண்டு மாஸ்டர்களா, அல்லது கை அதிகமுள்ள ஒரே மாஸ்டரா?

விண்டோஸ் 7 முதலில் அனைவரையும் தனித்தனி ஆளாகவே நினைத்தது. அதனால் நான்கு மாட்யூல்கள் இருந்தும், இரண்டு கனமான வேலைகளை ஒரே மாட்யூலுக்குள் தள்ளிவிடும் நிலை வந்தது. கிரைண்டருக்கு இருவரும் காத்திருந்தார்கள். 2012 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தது. அதன்படி ஒரு மாட்யூலை, ஹைப்பர்-த்ரெடிங் உள்ள ஒரு கோர் போல நினைத்து, வேலையை முதலில் வெவ்வேறு மாட்யூல்களுக்குப் பரப்ப வேண்டும். வேகம் கொஞ்சம் கூடியது.

ஆனால் ஒரு பக்கவிளைவும் வந்தது. அதே கணக்கோடு வந்த புதிய டாஸ்க் மேனேஜரில், 8 கோர் என்று வாங்கிய எஃப்.எக்ஸ் சிப்புக்கு 'கோர்ஸ்: 4, லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்: 8' என்று வந்தது! லினக்ஸிலும் 'கோருக்கு 2 த்ரெட், சாக்கெட்டுக்கு 4 கோர்' என்றுதான் காட்டியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

2015-ல் கலிஃபோர்னியா ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. '8 கோர் என்று விற்றது தவறான விளம்பரம். முக்கியப் பாகங்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டை இரண்டு கோர் என்று சொல்ல முடியாது' என்பது வாங்கியவர்கள் தரப்பு. 'இவை முழுமையான 8 கோர்கள்தான்' என்பது ஏ.எம்.டி தரப்பு. 2019 ஜனவரியில், பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் எல்லோருக்குமான கூட்டு வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் எட்டப்பட்டது. தவறு செய்ததாக ஏ.எம்.டி ஒப்புக்கொள்ளவில்லை. 7 எஃப்.எக்ஸ் மாடல்களில் ஏதாவது ஒன்றைக் கலிஃபோர்னியாவில் வாங்கியவர்களும், ஏ.எம்.டி-யின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு வாங்கியவர்களும் இழப்பீடு கேட்கலாம் என்று முடிவானது.

சமரசம் என்பதால் தீர்ப்பு வரவில்லை. 'கோர் என்றால் இதுதான்' என்று எந்த நீதிபதியும் அந்த வழக்கில் எழுதிவைக்கவில்லை. எனவே திரையில் தெரிந்த 4-ம் பொய்யில்லை, பெட்டியில் இருந்த 8-ம் முழுப் பொய் என்று நிரூபிக்கப்படவில்லை. வேலையைப் பங்கிடுவதற்கு விண்டோஸ் வைத்திருந்த கணக்கு ஒன்று. விற்பனைக்கு ஏ.எம்.டி வைத்திருந்த கணக்கு இன்னொன்று. நடுவில் நின்றவர் வாடிக்கையாளர். 2017-ல் வந்த ரைசன் சிப்களில் ஏ.எம்.டி அந்த ஜோடி அமைப்பையே கைவிட்டுவிட்டது.

பெரிய கோர், சின்ன கோர்... திரையில் எல்லாம் ஒன்றுதான்!

இன்றைய குழப்பம் வேறு மாதிரி. 2021 நவம்பரில் வந்த இன்டெல் 12-வது தலைமுறையிலிருந்து, ஒரே சிப்பில் இரண்டு வகை கோர்கள் இருக்கின்றன. வேகமாக வேலை செய்யும் பெரிய கோர், பேட்டரியை மிச்சப்படுத்தும் சின்ன கோர். பெரியதற்கு 'பி-கோர்', சின்னதற்கு 'இ-கோர்' என்று பெயர். பெரிய கோர் இரண்டு டோக்கன் வாங்கும். சின்ன கோர் ஒன்றுதான்.

ஐ5-1235யு கணக்கு இப்போது புரியும். பெரிய கோர் 2, சின்ன கோர் 8. மொத்தம் 10 கோர். டோக்கன் கணக்கில் 2 x 2 = 4, அதோடு 8 சேர்த்து 12. டாஸ்க் மேனேஜர் 10, 12 என்ற கூட்டுத்தொகையை மட்டும் காட்டும். எத்தனை பெரியது, எத்தனை சின்னது என்று அந்த மூன்று வரிகளில் பிரித்துச் சொல்லாது.

ஆனால் கண்டுபிடிக்க ஓர் எளிய கழித்தல் இருக்கிறது. இன்டெல் 12, 13, 14-வது தலைமுறை கோர் ஐ வரிசையில், லாஜிக்கல் ப்ராசஸர் எண்ணிக்கையிலிருந்து கோர் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது பெரிய கோர்களின் எண்ணிக்கை.

ஐ5-1235யு: 12 - 10 = 2.
ஐ3-1215யு: 8 - 6 = 2.
ஐ5-12450எச்: 12 - 8 = 4.
ஐ9-12900கே: 24 - 16 = 8.

இதில் ஐ5 இரண்டையும் பாருங்கள். 10 கோர் உள்ளதைவிட 8 கோர் உள்ளதில் பெரிய கோர்கள் இரண்டு மடங்கு. வீடியோ எடிட்டிங், கேம் போன்ற கனமான வேலைக்கு லேப்டாப் தேடுபவருக்கு இது பெரிய வித்தியாசம். பேட்டரி நீடிக்க வேண்டும், எழுத்து வேலையும் ஆன்லைன் வகுப்பும்தான் என்பவருக்கு அந்த 10 கோர் ஐ5 தாராளமாகப் போதும்.

இன்னோர் உதாரணம், 2023-ல் வந்த கோர் ஐ3-என்305. '8 கோர் ஐ3' என்று கேட்கும்போது 6 கோர் ஐ3-1215யு-வைவிட மேலானதாகத் தோன்றும். அதன் டாஸ்க் மேனேஜர் வரிகள் 'கோர்ஸ்: 8, லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்: 8'. கழித்தால் பூஜ்யம். அதாவது எட்டும் சின்ன கோர்கள். ஒரு வேலையைச் சட்டென்று முடித்துத் தரும் பெரிய கோர் அதில் ஒன்றுகூட இல்லை. விலை குறைந்த லேப்டாப்களிலும் மினி கம்ப்யூட்டர்களிலும் வரும் இன்டெல் என்100 சிப்பும் இதே ரகம். 4 - 4 = 0.

இந்தக் கழித்தல் எல்லா சிப்புக்கும் பொருந்தாது. 2024-ல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ஹைப்பர்-த்ரெடிங்கையே எடுத்துவிட்டார்கள். அதில் 8 கோர், 8 த்ரெட். ஆனால் பாதி பெரிய கோர்கள். ஏ.எம்.டி ரைசனில் பெரும்பாலும் எல்லாக் கோரும் இரண்டு டோக்கன் வாங்கும் என்பதால், ரைசன் 5 5500யு-வில் 6 கோர், 12 லாஜிக்கல் ப்ராசஸர் என்று வரும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 'கோருக்கு எத்தனை த்ரெட், சாக்கெட்டுக்கு எத்தனை கோர்' என்று லினக்ஸ் பட்டியல் போடும். பழைய சிப்களில் இரண்டையும் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். ஐ7-12700கே சிப்பில் 12 கோர், கோருக்கு 2 என்று பெருக்கினால் 24. உண்மையான மொத்தமோ 20. காரணம், அதில் 4 சின்ன கோர்கள். பெருக்கல் தப்பில்லை. எல்லாக் கோரும் ஒன்று என்று நினைத்துப் போட்ட அட்டவணை பழையதாகிவிட்டது.

இந்த விஷயத்தில் ஆப்பிள் கொஞ்சம் வெளிப்படை. 2020-ல் வந்த எம்1 சிப் உள்ள மேக்கில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால், 'மொத்தம் 8 கோர்' என்பதோடு, அதில் வேகத்துக்கு 4, சிக்கனத்துக்கு 4 என்றும் அங்கேயே எழுதியிருக்கும்.

போனில் இருக்கும் 'ஆக்டா-கோர்'

பெரிய கோர், சின்ன கோர் கலவை லேப்டாப்புக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே போனுக்கு வந்துவிட்டது. 2011-ல் ஆர்ம் நிறுவனம் இதை 'பிக்-லிட்டில்' என்ற பெயரில் அறிவித்தது. 2013-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 போனின் சில மாடல்களில் எக்ஸினாஸ் 5 ஆக்டா என்ற சிப் வந்தது. பெரியது 4, சின்னது 4, மொத்தம் 8. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நான்கு பேர் அணிதான் வேலை செய்யும். பெரிய அணி வந்தால் சின்ன அணி ஓய்வு. பெயரில் எட்டு, நடைமுறையில் நான்கு.

அந்த ஆண்டு இறுதியிலேயே மீடியாடெக் நிறுவனம் எம்.டி6592 சிப்பை 'ட்ரூ ஆக்டா-கோர்' என்று விளம்பரப்படுத்தியது. அதில் எட்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் எட்டுமே கார்டெக்ஸ்-ஏ7 என்ற சின்ன கோர்கள்.

இன்றைய போன்களில் எட்டும் சேர்ந்து ஓடும் வசதி வந்துவிட்டது. பிரச்னை, எட்டுக்கு எட்டு வித்தியாசம். ஸ்னாப்டிராகன் 888-ல் மிகப் பெரியது 1, பெரியது 3, சின்னது 4. ஹீலியோ ஜி99-ல் பெரியது 2, சின்னது 6. ஹீலியோ ஜி35-ல் எட்டும் சின்னதே. மூன்றுக்கும் பெட்டியில் ஒரே வார்த்தைதான்: ஆக்டா-கோர். ஐபோன்களில் 2017-ல் வந்த ஏ11 சிப் முதல் 2 பெரியது, 4 சின்னது என 6 கோர்தான். அதனால் ஐபோன் மெதுவாக ஓடியதாக யாரும் சொன்னதில்லை.

ஆண்ட்ராய்டின் உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு கோருக்கும் ஒரு 'திறன் மதிப்பெண்' அதனிடம் இருக்கிறது. சிப்பிலேயே பெரிய கோருக்கு 1024. மற்றவற்றுக்கு அதற்கு ஏற்றபடி குறைவாக. வாட்ஸ்அப் செய்தி வந்தால் சின்ன கோர், கேமரா திறந்தால் பெரிய கோர் என்று வேலையைப் பிரிப்பது இதை வைத்துத்தான். இவ்வளவு விவரம் உள்ளே இருந்தும், செட்டிங்ஸ் பக்கம் பெரும்பாலும் 'ஆக்டா-கோர்' என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறது.

போன் விவரம் காட்டும் ஆப் எதையாவது நிறுவியவர்கள், சில கோர்களுக்கு நேரே 'ஸ்டாப்டு' அல்லது 'ஆஃப்லைன்' என்று பார்த்துப் பயந்திருக்கலாம். அது பழுது இல்லை. 'இருக்கக்கூடிய கோர்', 'இருக்கும் கோர்', 'இப்போது விழித்திருக்கும் கோர்' என்று லினக்ஸ் மூன்று தனித்தனிப் பட்டியல்கள் வைத்திருக்கிறது. வேலை இல்லாதபோது சில கோர்களைத் தூங்கவைத்துப் பேட்டரியைக் காப்பாற்றுவது, குறிப்பாகப் பழைய போன்களில், சாதாரண நடைமுறை.

எண் குறைந்து தெரிந்தால்..?

லேப்டாப்பில் இருக்க வேண்டியதைவிடக் குறைவான எண் தெரிந்தால், திருட்டு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மூன்று காரணங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, 'கம்ப்யூட்டரை இரண்டு மடங்கு வேகமாக்கும் ரகசியம்' என்று வீடியோக்களில் சுற்றும் ஒரு டிப்ஸ். 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, 'பூட்' பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' பெட்டியை டிக் செய்து பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உண்மையில் விண்டோஸ் எப்போதுமே எல்லாக் கோரையும் பயன்படுத்தும். அந்தப் பெட்டி இருப்பது எண்ணிக்கையைக் குறைத்துச் சோதனை செய்யும் பொறியாளர்களுக்காக. டிக் செய்து பெரிய எண்ணை வைத்தால் லாபம் எதுவும் இல்லை. கை தவறிச் சின்ன எண் வைத்தால் நஷ்டம். அடுத்த முறை ஆன் செய்யும்போது மீதிக் கோர்கள் காணாமல் போகும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது, கம்ப்யூட்டரின் பயாஸ் அமைப்பில் ஹைப்பர்-த்ரெடிங்கையோ சில கோர்களையோ யாராவது அணைத்து வைத்திருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன கழித்தல் கணக்கும் தப்பும்.

மூன்றாவது, பாதுகாப்பு. ஒரே மாஸ்டரிடம் இரண்டு பேரின் டோக்கன் இருந்தால், ஒருவர் ஆர்டரை இன்னொருவர் எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு அல்லவா? 2018, 2019-ல் இன்டெல் சிப்களில் இந்த மாதிரியான ஓட்டைகளை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஓப்பன்பி.எஸ்.டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் 2018 ஜூனிலேயே ஹைப்பர்-த்ரெடிங்கைத் தானாக அணைத்து வைக்க ஆரம்பித்தது. 2019 மே மாதம் கூகுளும் க்ரோம் ஓ.எஸ் 74 பதிப்பில் அதையே செய்தது. அப்படி அணைக்கப்பட்ட க்ரோம்புக்குகளில் இயங்கும் லாஜிக்கல் ப்ராசஸர்களின் எண்ணிக்கை பாதியானது. வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ரகசியத்தைக் காப்பாற்றிய கணக்கு அது.

பழைய லேப்டாப் வாங்கும்போது...

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸின் 'அபவுட்' பக்கத்தில் தெரியும் ப்ராசஸர் பெயரை அப்படியே நம்ப முடியாது. அந்தப் பெயர் ரிஜிஸ்ட்ரி என்ற இடத்திலிருந்து எடுத்துக் காட்டப்படுகிறது. அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஐ3 லேப்டாப்பை ஐ7 என்று காட்ட ஒரு நிமிடம் போதும். ரீஸ்டார்ட் செய்தால் சிப்பிடம் மறுபடி கேட்டு உண்மையான பெயர் வந்துவிடும். ஆனால், ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் பொய்ப் பெயரை எழுதிவிடும்படி செட் செய்து வைக்கவும் முடியும்.

எனவே செய்ய வேண்டியவை இவை:

* விற்பவர் முன்னிலையிலேயே லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் திரைக்குப் போய் ப்ராசஸர் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் செய்த தில்லுமுல்லு அங்கே எட்டாது.

* பிறகு டாஸ்க் மேனேஜரில் கோர், லாஜிக்கல் ப்ராசஸர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* சிப் மாடல் எண்ணை எழுத்து உட்பட முழுமையாக எழுதி, இன்டெல் அல்லது ஏ.எம்.டி-யின் அதிகாரபூர்வ இணையதளத்தில் தேடுங்கள். எத்தனை பெரிய கோர், எத்தனை சின்ன கோர், எத்தனை த்ரெட் என்று அங்கே பிரித்தே போட்டிருப்பார்கள். மூன்று இடத்திலும் கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

* 'ஐ5', 'ஐ7' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி எழுத்து முக்கியம். 'யு' என்றால் மின்சாரச் சிக்கனம், 'எச்' என்றால் வேகம்.

போன்களிலும் இந்த ஆபத்து உண்டு. பிரபல மாடல் போலவே தயாரிக்கப்படும் போலிப் போன்களில், செட்டிங்ஸ் பக்கம் காட்டும் விவரத்தையே மாற்றி வைப்பது பழைய தந்திரம். உள்ளே 4 கோர் சிப் இருக்க, திரையில் 8 அல்லது 10 என்று வரும். நம்ப முடியாத விலையில் கிடைக்கும் புதுப் போனுக்கு, அதன் செட்டிங்ஸ் பக்கத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

புது லேப்டாப்போ போனோ வாங்கப் போகிறவர்கள் கடையில் 'எத்தனை கோர்?' என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட வேண்டாம். 'இதில் பெரிய கோர் எத்தனை?' என்று அடுத்த கேள்வியையும் கேட்கலாம். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் தேடிவிட்டு, மறுநாள் போய்ப் பணம் கட்டலாம். லேப்டாப் எங்கேயும் போய்விடாது.